தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாள்: வீட்டிலுள்ள மருந்துகளில் எதை முதலில் அகற்றுவது?

காவிரிக்கரை (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகும் வரை இங்கேதான் இருப்பாள். எங்களுடையது முற்றமும் தாழ்வாரமும் கொண்ட பழைய ஓட்டு வீடு. கொல்லையில் கிணறு, அதற்கு அப்பால் வாழை, அதையும் தாண்டினால் தெருச் சாக்கடை. ஆகவே கொசு, கரப்பான், எலி, இராமபாணப் பூச்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஒரு மருந்து வீட்டில் எப்போதும் இருக்கும்.

கழிவறைக்கு ஆசிட், தரைக்குப் பினாயில், முற்றத்துப் பாசிக்குப் பிளீச்சிங் பவுடர், பீரோவில் அந்துருண்டை, இரவில் கொசுவர்த்திச் சுருள், சமையலறை மூலையில் கரப்பான் சாக்பீஸ் ஆகிய அனைத்தையும் மகள் ஒரே நாளில் தூக்கிப் போடச் சொல்கிறாள். வினிகரும் சமையல் சோடாவும் பழத்தோலில் செய்யும் பயோ என்சைமும் போதும் என்று காணொலிகளைக் காட்டுகிறாள். எண்பதைத் தாண்டிய என் மாமியாரோ, பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகையும் வசம்பும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்கிறார். இருவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற என்னால் இயலாது. போர் தண்ணீரின் உப்புக்கறை ஆசிட் இல்லாமல் போவதில்லை. கொசுவர்த்தி இல்லாமல் இந்த ஊரில் தூங்கவும் முடியாது. எதை உடனே அகற்ற வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். இன்னொன்று: பிறந்த குழந்தைக்குத் துணி விரிக்கவும் சுற்றவும் என் கணவரின் பழைய பருத்தி வேட்டிகளைப் பீரோவில் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றைத் துவைத்துப் பயன்படுத்தினால் போதுமா?

சோதனைக்குழாய் (ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்) பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் பட்டியலில் சில நிமிடங்களிலேயே ஆளை வீழ்த்தக்கூடியது ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரும் சேர்க்கைதான். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். கழிவறைக்கு விற்கப்படும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடர் கால்சியம் ஹைப்போகுளோரைட்டை உடையது. முதலில் பவுடரைத் தூவிவிட்டு, கறை போகவில்லையே என்று அதன் மேல் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு வெளிப்படும். அது காற்றைவிடக் கனமானது என்பதால், சன்னல் சிறியதாக உள்ள கழிவறையில், குனிந்து தேய்ப்பவரின் முகத்தருகே அப்படியே தங்கிவிடும். நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அங்கே அமிலமாகவே மாறும். எலுமிச்சைச் சாறு, வினிகர், உங்கள் மகள் சொல்லும் பயோ என்சைம் ஆகியவையும் அமிலங்கள்தான் என்பதால் அவற்றையும் பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கக் கூடாது. குழந்தையின் மூத்திரத் துணிகளை ஊற வைக்கும் வாளியில் பிளீச்சிங் பவுடர் போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. மூத்திரத்திலிருந்து உண்டாகும் அம்மோனியாவுடன் அது சேர்ந்தால் குளோராமின் என்னும் வேறொரு எரிச்சலூட்டும் வாயு உண்டாகும். அந்தத் துணிகளுக்குச் சோப்பும் வெந்நீரும் வெயிலும் போதும்.

உப்புக்கறையைப் பொறுத்தவரை, அது கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் இல்லாமல் கரையாது என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த அமிலம் ஹைட்ரோகுளோரிக்காக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் கரைத்து, கறையின் மேல் ஊற்றி, அரை மணி நேரம் ஊற விட்டுத் தேய்த்தால், நெடி இல்லாமல் பெரும்பகுதி போய்விடும். பல ஆண்டுகள் படிந்த கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய நேரும். கடும் ஆசிட் கறையோடு டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமெண்டையும் அரிப்பதால் அந்த இடுக்குகளில் அழுக்கு முன்னைவிட வேகமாகத் தங்கும். அதைப் போக்க மறுபடி ஆசிட் வாங்குவோம். உங்கள் வீடு பழையது என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சமையல் மேடையில் கடப்பாக்கல் இருந்தால் அது சுண்ணாம்புக்கல் வகை, சிவப்பு ஆக்சைடு தரையும் ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டால் ஆனவை. இவை எதன் மேலும் எலுமிச்சை உப்புகூடப் படக் கூடாது.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் நுரைத்துப் பொங்குவதைக் காணொலியில் பார்க்க அழகாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர்தான். தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் உதவும்: சோடா எண்ணெய்ப் பிசுக்குக்கு, வினிகர் உப்புப் படிவுக்கு. பயோ என்சைம் ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர் என்ற அளவில் மூன்று மாதம் புளிக்க வைப்பது. மென்மையான அமிலக் கரைசல் என்ற அளவில் தரை துடைக்க நல்லது. ஆனால் கிருமிநாசினி என்ற நம்பிக்கையில் பிரசவ அறைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். தொடக்க வாரங்களில் வாயு நிறைய உண்டாகும் என்பதால் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி வைக்காமல், பிளாஸ்டிக் பாத்திரத்தில் வைத்து நாள்தோறும் மூடியைத் திறந்து விட வேண்டும். இப்போது போட்டால் பிரசவத்துக்குள் தயாராகாது என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

அதைவிட எனக்கு நம்பிக்கை பூந்திக்கொட்டையின் மேல். கொட்டையை நீக்கி, தோலை இரவில் ஊற வைத்துக் கொதிக்க விட்டு வடிகட்டினால், சபோனின் நிறைந்த நுரைக்கும் நீர் கிடைக்கும். சாதாரண சோப்பு உங்கள் ஊர்க் கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரையாகப் படியும்; பூந்திக்கொட்டைக்கு அந்தக் குறை இல்லை. தரைக்கும் பாத்திரத்துக்கும் துணிக்கும் ஏற்றது. சில நாட்களில் கெட்டுவிடும் என்பதால் சிறிது சிறிதாகச் செய்துகொள்ளுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சபோனின் மீன்களுக்கு நஞ்சு என்பதால் மிச்சத்தைக் கிணற்றிலோ குளத்திலோ கொட்டக் கூடாது.

பினாயில் அவ்வளவு அவசரமில்லை. அறை மணப்பதற்கும் அறை தூய்மையாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்பதை வீட்டில் அனைவரும் ஏற்றுக்கொண்டால் அதன் செலவு தானாகக் குறைந்துவிடும்.

மழலைக்காவல் (பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்) பதில்:

அம்மா, ஆசிட்டைப் பற்றி ஆசிரியர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் படித்ததும் முதலில் அதற்குத்தான் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த வேட்டிகள் அந்துருண்டை போட்ட பீரோவில் இருந்தவை என்றால், தயவுசெய்து பிறந்த குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அந்துருண்டை என்பது நாப்தலீன். திடப்பொருளாக இருந்து நேரே ஆவியாகி, துணியின் நூலிழைகளில் ஏறிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். தாய் வழியே வரும் மரபுக்குறை என்பதால் ஆண் குழந்தைகளிடம் கூடுதலாக வெளிப்படும். அத்தகைய குழந்தையின் உடலில் நாப்தலீன் புகுந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, இரத்தச்சோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் உண்டாகும். பச்சிளங்குழந்தையின் கல்லீரல் முதிர்ச்சி அடையாதது என்பதால் சிதைவில் உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்ற முடியாமல் திணறும். அளவு மிகவும் ஏறினால் மூளையைப் பாதிக்கும். குறை இருக்கிறதா என்பது இரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். வெளிப்பார்வைக்குக் குழந்தை நலமாகவே இருக்கும். நம் வழக்கப்படி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு அந்தத் துணியில் சுற்றினால் ஆபத்து இன்னும் கூடும், ஏனென்றால் நாப்தலீன் எண்ணெயில் கரைந்து தோல் வழியே எளிதில் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாப்தலீன் அந்துருண்டைகளை விற்பனையிலிருந்து நீக்கிவிட்டது. இங்கே எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கிறது.

துவைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு முறை துவைப்பதால் வாசனை முழுதும் போவதில்லை. பல நாள் காற்றிலும் வெயிலிலும் உலர்த்தி, வெந்நீரில் சோப்புப் போட்டு மீண்டும் மீண்டும் துவைத்து, மூக்கருகே வைத்தாலும் நெடியே தெரியாத நிலைக்கு வந்த பிறகும், பெரியவர்களின் படுக்கைக்குப் பயன்படுத்துவதே நல்லது. குழந்தைக்கு, அன்றாடம் கட்டித் துவைத்து நைந்த, பீரோவுக்குள் போகாத வேட்டி ஒன்றிரண்டு எந்த வீட்டிலும் இருக்குமே, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைகளை இன்றே எடுத்து, பீரோவைத் திறந்து வைத்துக் காற்றோட விடுங்கள். மகள் தங்கும் அறையில்தான் அந்தப் பீரோ இருக்கிறது என்றால் அதை வேறு அறைக்கு நகர்த்துவது இன்னும் நல்லது. கழிவறையில் தொங்கவிடும் மணக்கட்டிகள் சிலவற்றில் பாராடைகுளோரோபென்சீன் என்னும், அதே போல ஆவியாகும் பொருள் இருக்கிறது, அதையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்து உங்கள் மாமியாரின் சாம்பிராணி. பெரியவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டிய செய்தி இது என்று எனக்குத் தெரியும். குளித்த குழந்தையைப் புகைக்கு மேல் காட்டுவது தலையின் ஈரம் உலர்வதற்காகத்தான். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, இளவெயில் படும் இடத்தில் சற்று நேரம் வைத்திருந்தாலே அந்த நோக்கம் நிறைவேறிவிடும். கரித்துண்டின் மேல் எதைப் போட்டாலும் எழும் புகையில் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். பிறந்து சில நாட்களே ஆன நுரையீரலுக்கு அது மூலிகையா கடைப்பொருளா என்ற வேறுபாடு தெரியாது. சாம்பிராணி போட்டே தீர வேண்டும் என்றால், குழந்தை வேறு அறையில் இருக்கும்போது பூஜையறையில் போட்டு, புகை அடங்கிய பிறகு அழைத்து வரச் சொல்லுங்கள். கற்பூரத்தைத் துணி மடிப்பில் வைப்பதும், கொசு மருந்து இயந்திரத்தின் தட்டில் போட்டு ஆவியாக்குவதும் இப்போது அதிகம் நடக்கிறது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சிறு அளவே குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். தவழும் வயது வருவதற்குள் அதற்கு எட்டாத இடம் பார்த்து வைத்துவிடுங்கள்.

வசம்பை உரைத்து நாக்கில் தடவுவது வேண்டாம். அதிலுள்ள பீட்டா-அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியது தெரிந்து, அமெரிக்காவில் 1968-லேயே உணவுப் பொருட்களில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வாயில் படாமல் இருப்பதே முறை.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி) பதில்:

செவிலியர் அம்மா மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைப் பிள்ளைகள் சாம்பிராணிப் புகையில்தான் வளர்ந்தார்கள், வசம்பு வளையல் போட்டுக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கடையில் விற்கும் நஞ்சைக் குறை சொல்வது சரி. நம் பெரியவர்கள் கண்டறிந்ததையும் அதே தராசில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மழலைக்காவல் பதில்:

ஐயா, உங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. வசம்பைக் கையில் வளையலாகக் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை, குழந்தை அதை வாயில் வைக்காத வயது வரை. அந்தக் காலத்தில் பிறந்து முதல் மாதத்திலேயே இறந்த பிள்ளைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தார்கள். எதனால் இறந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணி ஒரு பொருள் தீங்கற்றது என்று முடிவுகட்ட இயலாது என்பதே என் வாதம். அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை, இளவெயில், பருத்தித் துணி ஆகியவற்றையும் அதே பெரியவர்கள்தான் கொடுத்தார்கள்; அவற்றை நான் எல்லாத் தாய்மார்களுக்கும் தயங்காமல் சொல்கிறேன்.

நொச்சிவேலி (கொசு ஒழிப்புப் பணியில் இருந்தவர்) பதில்:

அம்மா, கொசுவைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். கும்பகோணம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பெயர் போன ஊர் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகி இரவில் கடிக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் தேங்கும் நல்ல நீரில் பெருகிப் பகலில் கடிக்கிறது. இரவில் மட்டும் சுருள் கொளுத்தும் வீட்டில், பகலில் தூளியில் உறங்கும் குழந்தைக்குக் காவல் ஏதும் இல்லை.

சுருளை நிறுத்திவிடுங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்தபோது, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு இணையாக இருந்தது. சுருளில் கலக்கும் பைரித்ராய்டு மருந்தைவிட, அது கனலும் அடிப்பொருளின் புகைதான் பெரிய தொல்லை. திரவ இயந்திரத்தில் புகை இல்லை, ஆனால் அதே குடும்பத்து மருந்து ஆவியாக வருகிறது. தவிர்க்க முடியாத நாட்களில், குழந்தை வேறு அறையில் இருக்கும் மாலைப்பொழுதில் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, காற்றோட்டம் ஏற்பட்ட பிறகு உள்ளே கொண்டு போங்கள். மூலிகை ஊதுபத்தி என்ற பெயரில் விற்பதை வாங்குமுன் உறையைத் திருப்பிப் பாருங்கள்: பூச்சிமருந்து எதுவாயினும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணும் இல்லாமல், என்ன மருந்து என்ற விவரமும் இல்லாமல் கொசு மட்டும் செத்து விழுகிறது என்றால், அது மூலிகையின் வேலைதானா என்று ஐயப்படுவதே நல்லது. கொசுவை விரட்ட மேலே பூசும் களிம்பு எதுவும் இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கூடாது.

இவற்றையெல்லாம் விடப் பயனுள்ளது வலைதான். கட்டிலுக்கு ஒன்று, தூளிக்கு ஒன்று, பகலிலும் பயன்படுத்துங்கள். பிறகு வாரம் ஒரு முறை வீட்டைச் சுற்றி வாருங்கள். பழைய வீடுகளில் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லும் உரலும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏடிஸ் கொசுவுக்கு அருமையான தொட்டில்களாகும்; கவிழ்க்க முடியாவிட்டால் மண் நிரப்பிவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, தேங்காய் ஓடு, முற்றத்துத் தொட்டி எல்லாவற்றையும் பாருங்கள். முட்டையிலிருந்து கொசுவாவதற்குக் கோடையில் ஏறத்தாழ ஒரு வாரமே போதும், ஆதலால் வாரம் தவறக் கூடாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும் என்பதால் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் முனையில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டுங்கள். செலவு மிகக் குறைவு, கியூலெக்ஸ் குறைவது சில வாரங்களில் தெரியும்.

நொச்சிச் செடியைக் கொல்லையில் நட்டால் கொசு வராது என்று பலர் நம்புகிறார்கள். சென்னை மாநகராட்சிகூட ஒரு காலத்தில் கன்றுகள் வழங்கியது. என் புனைபெயரைப் பார்த்தால் எனக்கும் அந்தச் செடியின் மேல் உள்ள பிரியம் தெரியும். ஆனாலும் சும்மா நிற்கும் செடியால் கொசு ஓடுவதில்லை. இலையைப் புகைத்தால் ஓடும், அப்போது செவிலியர் அம்மா சொன்ன புகைப் பிரச்சினைக்கே திரும்ப வந்துவிடுவோம். உலர்ந்த நொச்சி இலையைத் துணிகளுக்கு இடையில் வையுங்கள், அந்துருண்டை இருந்த இடத்தில். இராமபாணப் பூச்சி கஞ்சியையும் அழுக்கையும் தேடி வருவது. கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாக உலர்த்திய பிறகே மடித்து வைத்தால் இலைகூட அவ்வளவாகத் தேவைப்படாது.

எலி மருந்தும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் உயிரிழந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். சில எலி மருந்துகள் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் வாயுவை வெளியிடும். எனவே பொறிக்கூண்டு மட்டும் வையுங்கள். கரப்பானுக்குச் சாக்பீஸும் வேண்டாம். நாளைக்குத் தவழும் குழந்தை அதைப் பலகைச் சாக்பீஸ் என்றே நினைத்து வாயில் வைக்கும். அலமாரிக் கீல்களின் உட்புறம் ஜெல் மருந்தைப் புள்ளியாக வைப்பது, தெளிப்பதைவிட மிகக் குறைந்த அளவில் வேலையை முடிக்கும்.

காவிரிக்கரை பதில்:

அனைவருக்கும் மிக்க நன்றி. அந்துருண்டைகளை எடுத்துவிட்டேன், பீரோ கூடத்துக்குப் போய்விட்டது. வேட்டிகளுக்கு மாற்றாக என் நாத்தனார் கட்டிப் பழகிய நூல் சேலைகளைக் கொடுத்திருக்கிறார். மாமியாரிடம் சாம்பிராணி பூஜையறையோடு நிற்கட்டும் என்று சொன்னபோது முகம் சுருங்கியது, ஆனால் மறுக்கவில்லை. பேரனோ பேத்தியோ வந்த பிறகுதான் உண்மை நிலை தெரியும். ஒரே ஓர் ஐயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது: மகள் தங்கும் அறையின் சன்னல் கம்பிகளில் பழைய பச்சைப் பெயிண்ட் உரிந்து கிடக்கிறது. பிரசவத்துக்கு முன் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாமா?

சோதனைக்குழாய் பதில்:

அம்மா, அதை மகள் இருக்கும் வீட்டில் உலர்வாகச் சுரண்ட விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்ற வரம்பு 2016-இல் விதியாக வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்டில், குறிப்பாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் நிறைய இருக்க வாய்ப்புண்டு. சுரண்டினால் அது தூசியாகி, கர்ப்பிணியின் உடல் வழியே கருவுக்கும் போகும். மகளைச் சில நாட்கள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கம்பிகளை நனைத்து ஈர உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லி, விழுந்தவற்றை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. அதன் பின் ஈயம் சேர்க்காத, தண்ணீரில் கரையும் பெயிண்ட் அடித்து, வாடை முழுதும் போன பிறகு அவள் திரும்பி வரட்டும். சுவர்களுக்குச் சுண்ணாம்பே போதும். அடிக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசவ நாள் நெருங்கிவிட்டது, அவளை வேறெங்கும் அனுப்ப இயலாது என்றால், கம்பிகளை இப்போதைக்குத் தொடாமல் விட்டுவிட்டு, சன்னலுக்கு அடியில் தினமும் ஈரத்துணியால் துடைத்து, கட்டிலையும் தூளியையும் எதிர்ச்சுவர் ஓரம் போடுங்கள். சுரண்டும் வேலையை அவள் புகுந்த வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.